சவுக்காரம் பூசிய பெல்ட்

உடுப்புச் சவுக்காரத்தின் வாசம் எனக்குப் பிடிக்காது என்றால், துவைக்கப் பஞ்சிப்படுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். போன கிழமை மகளின் தண்ணீர்ப் போத்தலைத் தேடிக் காரின் முன் லாச்சியைத் திறந்தேன். பழைய பேப்பரில் சுற்றியபடி பாதி தேய்ந்த சவுக்காரக் கட்டி ஒன்று கிடந்தது. அதன் நடுவில் விரலகலத்துக்கு ஒரு கறுத்த பள்ளம். ஓடுகிற எஞ்சின் பெல்ட்டில் பிடித்தால்தான் அப்படிப் பள்ளம் விழும்.

"இதென்ன?" என்று கணவரிடம் கேட்டேன்.

"கீச்கீச்செண்டு சத்தம் வந்திச்சு. இப்ப இல்லத்தானே" என்றார், ஏதோ பெரிய நோயைக் குணமாக்கியவர்போல.

எங்கள் கார் இரண்டு பேரிடம் ஓடிக் களைத்த பிறகு எங்களிடம் வந்தது. நானோ பயந்தவள்; மகள் பிறந்த பிறகு இன்னும் மோசம். ஒயில் எப்போது மாற்றுவது, பெல்ட் எப்போது மாற்றுவது என்று கராஜ்காரரிடம் கேட்பேன். அவர் சொன்னது சரிதானா என்று இன்னொருவரிடம் கேட்பேன். இருவருமே பிழையென்றால் என்ன செய்வது என்று சோறு வடிக்கும்போது யோசிப்பேன். என்னைக் கண்டதும் கராஜ்காரர் ஏதாவது ஒரு வாகனத்துக்கு அடியில் புகுந்துவிடுகிறார் என்று எனக்கொரு சந்தேகம். புகுந்துகொள்ளட்டும். பெல்ட்டுக்குச் சவுக்காரம் பூசுகிற ஆண்களுக்கு அறிவுரை சொல்வதைவிட அவரை விரட்டுவது லேசு.

சவுக்காரம் பூசும் ஆண்களில் முதல்வர் என் மாமா, அம்மாவின் அண்ணன். சண்டைக் காலத்தில் செங்கலடியில் எங்கள் ஒழுங்கைக்கே ஒரு கார்தான், அது அவருடையது. வாடகைக்கு ஹயர் ஓடுவார். பிள்ளைப்பேறோ பாம்புக்கடியோ, அவர் வாசல் படலையில்தான் போய் நிற்க வேண்டும். அந்த மரியாதையில் அவர் ஊதிப்போயிருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் காரைக் கழுவிச் சந்தனம் வைப்பார், சில்லுக்குக் கீழே தேசிக்காய் நசிப்பார். முன்கண்ணாடியை அவர் துடைத்த அளவுக்குத் தன் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்ததில்லை. ஆனால் பொனற்றைத் திறந்து உள்ளே பார்க்கச் சொன்னால், பெண்டாட்டியைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டதுபோல முகம் சுருங்கும்.

ஒருநாள் மைல் மீட்டரில் இருந்த ஒன்பதுகள் எல்லாம் ஒன்றாக உருண்டு பூச்சியமாகின. அவ்வளவு மைல்கட்டை ஓடிய வண்டிக்கு இனியாவது ஒரு பெரிய சேர்விஸ் செய்வார் என்று அம்மா நம்பினாள். மாமா பொங்கிப் படைத்தார்.

"பாத்தியா தங்கச்சி? எல்லாம் பூச்சியம். இனி இது புதுக் கார்!"

கேலியாகச் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை, நம்பினார். புதுக்காருக்கு எதற்குப் புதுப் பெல்ட்?

பெல்ட் கத்தத் தொடங்கியது. ஒழுங்கை முனையில் கார் திரும்பும்போதே எங்கள் நாய் எழும்பிப் போய்விடும்.

"அண்ணன், இது இப்பிடிக் கத்துதே. ஏறாவூரில குடுத்து மாத்துங்களன்."

"ஓடுறதப் போய் ஆராச்சும் கழட்டுவானா கா? பிஞ்சா மறுகாப் பாப்பம்."

மறுநாள் மாமியின் கிணற்றடிச் சவுக்காரம் காருக்குக் குடிபோனது. சத்தம் நின்றது. அதோடு பெல்ட் வழுக்கத் தொடங்கி, பற்றரிக்குச் சார்ஜ் ஏறுவதும் நின்றது. அது மாமாவுக்குத் தெரியாது. சத்தம் போனால் வருத்தமும் போய்விட்டது என்று எண்ணுகிற சாதி அது.

என் தங்கச்சிக்கு முட்டு வருத்தம். ஒரு பின்னேரம் மூச்சு இழுக்கத் தொடங்கி, உதடு நீலம் பாய்ந்தது. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் பின்னால் ஓட, மாமா தலைசீவிக்கொண்டு வந்தார். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். தன்னாமுனை தாண்டியதும் ஆமியின் சோதனைச் சாவடி, சென்றி. அங்கே எல்லா வாகனமும் எஞ்சினை நிறுத்த வேண்டும், எல்லோரும் இறங்கி நடந்து அந்தப் பக்கம் போக வேண்டும். பொடியன் வயதுள்ள ஆமிக்காரன் ஒருவன் காரைக் குடைந்து பார்த்துவிட்டுக் கையைக் காட்டினான். மாமா திறப்பைத் திருகினார். 'டிக்' என்றது. இன்னொரு தரம் திருகினார். அந்த 'டிக்'கும் வரவில்லை.

சென்றியடியில் அசையாமல் நிற்கும் கார் அந்த நாட்களில் வெறும் கார் அல்ல. ஆமிக்காரர்கள் மணல் மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். நாங்கள் கையை உயர்த்தினோம். அம்மாவால் மட்டும் முடியவில்லை. திரும்பவும் சோதித்தபோது லாச்சியில் அகப்பட்டது, பேப்பரில் சுற்றிய ஒரு கட்டி. சதுரமாக, மஞ்சளாக, நடுவில் கறுத்துப்போய்.

"மே மொகத? என்ன இது?"

"சோப், சேர். சோப். பெல்ட்டுக்கு."

"பெல்ட்டுக்கு சோப்?" அவன் மாமாவின் இடுப்பைப் பார்த்தான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. உலகத்தில் எந்த ஆமியும் நம்பாத பதில் அது.

பிறகு ஒரு வாளி தண்ணீர் வந்தது. கழுவிக் காட்டச் சொன்னார்கள். வாவிக்கரை றோட்டில், துவக்குகளுக்கு நடுவே, என் மாமா கைகழுவினார். நுரை வந்தது. 'இன்னும்' என்றார்கள், முழங்கை வரைக்கும் கழுவினார். அருகே தங்கச்சியின் நெஞ்சு உள்ளே இழுபட்டு இழுபட்டு எழும்பியது. வாழ்க்கையில் நான் ஒரு மனிதரை முழுமனதோடு வெறுத்தது அந்த நுரையைப் பார்த்தபோதுதான்.

அம்மா காத்திருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே ஆமிப் பெரியவனிடம் போய், அவள் முகத்தை அவனுக்குத் திருப்பிக் காட்டினாள். அவன் எங்கள் காருக்குப் பின்னால் நின்ற மீன் லொறியைக் கைகாட்டி அழைத்தான். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து நாங்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். தங்கச்சி பிழைத்தாள்.

மாமா அடுத்தநாள் தோடம்பழத்தோடு பார்க்க வந்தார். "பெல்ட்டு நல்ல சாமான். நடுவழியில பிய்யாமச் சென்றி மட்டுக்கும் கொண்டந்து விட்டிச்சே!" என்றார். அம்மா பழத்தை உரித்துத் தங்கச்சிக்குக் கொடுத்தாள். அதன் பிறகு எந்த அவசரத்துக்கும் அந்தப் படலைக்கு அவள் போகவில்லை.

மாமா இப்போது இல்லை. காரை இரும்புக்கு நிறுத்து விற்றார்கள். சென்றி இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. வழுவழுப்பான காப்பெட் றோட்டில் வாகனங்கள் பறக்கின்றன. அம்மாவைப் பார்க்கச் செங்கலடிக்குப் போய்வரும்போதெல்லாம், "ஒருக்கா நிப்பாட்டி எடுங்களன்" என்று அந்த இடத்தில் கணவரிடம் சொல்வேன். சிரித்துக்கொண்டே எஞ்சினை நிறுத்தித் திரும்ப எடுப்பார். என் பைத்தியத்துக்கு அவர் தரும் சிறு தானம்.

நேற்றும் சொன்னேன். பின்சீற்றில் மகள் நித்திரை. அவர் சிரிக்கவில்லை. வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

"இப்ப இஞ்ச ஆர் நிப்பாட்டச் சொல்றது?" என்றார். நிறுத்தினால் திரும்ப எடுபடுமா என்று அவருக்கே நிச்சயமில்லை போலும்.

இன்று காலை காரின் திறப்பை நானே எடுத்துக்கொண்டேன். கராஜ்காரர் ஒரு வானுக்கு அடியில் இருந்தார். அவர் வெளியே வரும்வரை அந்தக் கால்களுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.