ஊசியால் வந்த சதை

யுத்த காலத்தில் தேவாரத்தில் வாழ்க்கைப்பட்ட நான், இரண்டாம் வருஷமே எலும்பும் தோலுமாகிவிட்டேன். மாதவிலக்கும் நின்றுபோனது. ஒட்டிக்கொள்ளும் நோயோ என்று பயந்து, மாமியார் என் தட்டைத் தனியாக வைத்துவிட்டார். பின்கட்டில் உட்கார்ந்து மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டே தின்பேன். மலையாவது எழுந்து போகாமல் இருந்ததே.

மதுரை ஆஸ்பத்திரியில்தான் அது நீரிழிவு என்று தெரிந்தது. அங்கிருந்த டாக்டரம்மா, இன்சுலினை நானே போட்டுக்கொள்ளப் பழக்கிவிட்டார்.

"இனிமே சதை போடும். அதுக்காக அள்ளி அள்ளித் திங்காதே. ஒரு அகப்பைச் சோறு, மிச்சம் காய். ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம மட்டும் இருந்துடாதே, மயங்கி விழுவே. உடம்பு தேறினா நின்னது திரும்ப வரும். அதுதான் நல்ல சேதி" என்றார்.

மருந்துக் குப்பியை ஈரமணல் நிரப்பிய பானையில் புதைத்து வைத்தேன். சில மாதங்களில் வளையல் இறுகியது, ரவிக்கையில் தையல் விட்டது. மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒருநாள் வெல்லப் பணியாரத்தை நீட்டினார். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவ்வளவுதான்.

"ஆத்தாடி! இனிப்பக் கண்டாலே கொமட்டுதோ? மசக்கையேதேன்!"

"இல்ல அயித்தே, இது ஊசியால வந்த சதை. டாக்டரம்மா அப்பமே சொன்னாக."

"வெக்கத்தப் பாரு! வா ஆத்தா, இங்கன வந்து எம்பக்கத்துல உக்காரு."

எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். யார் காதிலும் ஏறவில்லை. அன்றிலிருந்து என் தட்டு அவர் தட்டுக்குப் பக்கத்தில் வந்தது. "ரெண்டு உசுருக்குத் திங்க வேணாமா?" என்று இரண்டாவது அகப்பையைக் கவிழ்ப்பார். நான் அதை ஒதுக்கிவிட்டுப் பாகற்காயை வாங்கிக்கொள்வேன். அதற்கும் மசக்கை என்றே சிரிப்பார். சாயங்காலம் எண்ணெய் வைத்துத் தலை வாரிவிடுவார். அந்தக் கை தலையில் இருக்கும்போது எனக்கே சந்தேகம் வந்துவிடும். சந்தேகமென்ன, ஆசைதான். யாரும் பார்க்காதபோது வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஒருநாள் காலையில் ஊசி போட்டுக்கொண்டு எழுந்தேன். சேலையில் கறை. டாக்டரம்மா சொன்ன நல்ல சேதி வந்துவிட்டது. அடுப்படி வாசலில் நின்று மாமியாரிடம் சொன்னேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரி. அங்கன போயி இரு" என்றார்.

பின்கட்டுக்குப் போனேன். வெகுநேரம் கழித்துப் பழைய தட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தது. ஒரே அகப்பைச் சோறு, மிச்சம் காய். டாக்டரம்மா சொன்ன அளவு அந்த வீட்டில் கேட்காமலே கிடைத்தது அன்றைக்குத்தான். தட்டைத் தள்ளிவிடலாம் என்றால், ஊசி போட்டாகிவிட்டது. அழுதுகொண்டே ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.