எந்தக் கதவு ஐயா?

மாரி மழை நான்காம் நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. பழுகாமத்தில் இருக்கும் என் தங்கையின் கணவர், வயலில் தேங்கிய தண்ணீரை வெட்டிவிட வட்டைக்கு, ஊருக்கு வெளியே உள்ள வயல்வெளிக்கு, போயிருந்தார். போய்வர ஒரே வழி ஒரு தாம்போதி, ஓடைக்குக் குறுக்கே தாழப் போட்ட பாதை. வெள்ளம் மேவினால் அது இருக்கும் இடமே தெரியாது. தெரியாததைக் கடந்து பார்க்கும் துணிச்சல் மச்சானுக்கு உண்டு. நீந்தத்தான் தெரியாது.

நான் வாவிக்கு இந்தப் பக்கம், குருக்கள்மடத்தில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர். அவர்களுடைய ஊர் வட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். மத்தியானம் ஒன்றரைக்கு அதில் ஒரு அறிவித்தல் வந்தது: வட்டைக்கு மேலே உள்ள குளத்தின் வான்கதவுகள் மூன்று மணிக்குத் திறக்கப்படும். திறந்தால் அந்தத் தண்ணீர் தாம்போதியைத்தான் மேவும். கடித இலக்கம், திகதி, ஒப்பம், பிரதிகள் யார் யாருக்கு என்ற விபரம், எல்லாம் ஒழுங்காக இருந்தன. குறை சொல்ல எனக்கே ஒன்றும் கிடைக்கவில்லை. வாசிக்கத்தான் ஆளில்லை. அன்று காலை ஒரு நடிகை கணவரைப் பிரிந்திருந்தார். சென்னையில் நடந்த அந்தப் பிரிவுக்காக ஊர் இரண்டு கட்சியாகி நின்றது. அறிவித்தல் ஐந்து நிமிடத்தில் மேலே போய் மறைந்தது.

மச்சானுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்தது, பதில் இல்லை. மழைக்குப் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் சொருகிவிடுவார். தங்கையும் பத்துத் தரம் எடுத்துப் பார்த்துவிட்டாளாம்.

குழுவில் நானே எழுதினேன். “இத்தால் சகலருக்கும் அறியத்தருவது” என்றுதான் தொடங்க வந்தது. முப்பத்தைந்து வருடப் பழக்கம். உடனே ஒருவர் “நன்றி ஐயா” என்று எழுதி, கும்பிட்ட கை ஒன்றும் போட்டார். எத்தனை மணிக்குக் கதவு திறக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டேன்.

“எந்தக் கதவு ஐயா?”

அவர் கட்டார் நாட்டில் வேலை பார்ப்பவர்.

மணி இரண்டு தாண்டிவிட்டது. சேவைக்காலத்தில் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தேன்: பொய்த் தலைப்புப் போட்டேன். “சற்றுமுன்! நடிகை எடுத்த அதிரடி முடிவு!” அதற்குக் கீழே, மூன்று மணிக்கு வான்கதவு திறக்கிறார்கள், வட்டையில் நிற்பவர்கள் உடனே வெளியேறுங்கள் என்று எழுதினேன். இரண்டு நிமிடத்தில் வட்டையில் நின்ற உழவு இயந்திரக்காரர் ஒருவரின் குரல்பதிவு வந்தது.

“ஐயா, வயசுக்கேத்த வேலையா இது? சரி, உங்கட மச்சானையும் ஏத்திட்டு வாறன்.”

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க, மச்சான் வீட்டிலிருந்து எடுத்தார். அந்தப் பிள்ளை கடைசியில் என்ன முடிவெடுத்தது என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில், ஏறாவூரில் கடை வைத்திருக்கும் பழைய சிநேகிதர் எனக்கொரு செய்தி அனுப்பினார். என்னுடைய தலைப்பேதான். கீழே இருந்த அறிவித்தலை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள்.

இரவு மழை விட்டதும் மூடியிருந்த கதவுகளை, மலைப்பக்கம் மழை விடாததால் பகல் பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் திறக்கப்போவதாகக் காலை பத்து மணிக்கு அறிவித்தல் வந்தது. இம்முறை கூடுதலாகத் திறப்பார்களாம். குழுவில் நேர்மையாக, தலைப்பில்லாமல் எழுதினேன்.

“இண்டைக்கு எந்த நடிகை ஐயா?” என்றார் உழவு இயந்திரக்காரர். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். உண்மை என்று எழுதினேன். இன்னும் இரண்டு முகங்கள் சேர்ந்தன.

பதினொரு மணிக்குத் தங்கைக்கு எடுத்தேன். மச்சான் நேற்று மோட்டார் சைக்கிளை வட்டையிலேயே விட்டுவிட்டு வந்தவர், அதை எடுக்க இப்போதுதான் நடந்து போகிறார், போனும் வீட்டில் கிடக்கிறது என்றாள்.

கடிதம் சேராவிட்டால் ஆளைத் தேடிப்போய்க் கையில் கொடுக்க வேண்டும். என் காலத்து நடைமுறை அது. குடையை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினேன். வாவியைக் கடக்கும் பாதைப் படகு ஒரு லொறிக்காகக் காத்து நின்றது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் படகோட்டியிடம் நான் பேசிய பேச்சை எந்த அலுவலகக் கோவையிலும் வைக்க முடியாது.

அக்கரையில் முச்சக்கர வண்டி பிடித்துத் தாம்போதிக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டேகால். மச்சான் முழங்கால் தண்ணீரில் இறங்கி, காலால் தடவித் தடவி நடந்துகொண்டிருந்தார். எதிர்க்கரையில் மோட்டார் சைக்கிள் தெரிந்தது. கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“வெளிக்கிடக்குள்ள உங்கட தங்கச்சி கதவு திறக்கிறத சொன்னவள். நீங்க பகிடிக்குத்தான் போட்டீங்க எண்டு நினைச்சன் மச்சான்.”

நான் சிரிக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

இருவரும் ஒரு குடைக்குள் நின்றோம். ஒரு மணிபோல வெள்ளம் வந்தது. மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி மட்டும் சற்று நேரம் வெளியே தெரிந்தது.