கத்தியின் வால் மெலிந்த சனிக்கிழமை

அவளுடைய இயற்பெயர் பத்திரங்களில் மட்டும் உறங்குகிறது. தெருவுக்கும் வீட்டுக்கும் அவள் மில்லி. பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலையின் சாணைப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தபோது, எதற்கெடுத்தாலும் மில்லிமீட்டரில் அளவு சொன்னதால் உடன் வேலை செய்தவர்கள் சூட்டிய பெயர் அது. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் மீசை இடப்பக்கம் ஒன்றரை மில்லி நீளம் என்று அவள் காதோடு காதாகச் சொன்னதும், மாப்பிள்ளை எழுந்துபோய் நறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் குடும்பத்தில் ஒருவரும் மறுக்காத செய்திகள்.

அந்த மாப்பிள்ளை தையற்காரர். இருவரையும் சேர்த்துவைத்ததே ஒரு கத்திரிக்கோல்தான். நன்றாகச் சாணை பிடிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி அடுத்த தெருவில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, துணி வெட்டும் கத்திரியை எடுத்துக்கொண்டு போனார். அவள் அதைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல அட்டை வெட்டினது யாரு?"

"நான் இல்லீங்க."

"கத்திரி சொல்லுதே."

"கத்திரி பொய் சொல்லுதுங்க. சத்தியமா நான் இல்லே."

அவள் நம்பவில்லை. கத்திரியைக் கூராக்கிக் கொடுத்தாள்; ஆறு மாதத்தில் அவரையே கட்டிக்கொண்டாள்; அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பத்தொன்பது ஆண்டுகளாக அவரை நம்பவேயில்லை. வீட்டில் எது மழுங்கினாலும், "அட்டை வெட்டினீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

தொழிற்சாலை இடம் மாறியபோது மில்லி கூடப் போகவில்லை. உப்புத்தாள் பட்டை சுழலும் ஒரு பெல்ட் சாணை, ஒரு டிரில், வாளி அளவே உள்ள ஓர் உலை ஆகியவற்றைப் பின்னறையில் வைத்துக்கொண்டு கையாலேயே கத்தி செய்யத் தொடங்கினாள். முன்னறையில் அவருடைய தையல் இயந்திரம். நடுவே ஒரு கதவு. அந்தக் கதவுக்கு ஒரு சட்டம் உண்டு: எண்ணத் தொடங்குகிறவர் அதைச் சாத்திவிட வேண்டும். இருவருமே வாய்விட்டு எண்ணுகிறவர்கள். அவள் சாணையில் ஒவ்வோர் இழுப்பையும் எண்ணுவாள். அவர் பொத்தான்களை எண்ணுவார். மனத்துக்குள் எண்ணுவதை எண்ணிக்கை என்றே சொல்ல முடியாது என்பதில் மட்டும் கணவன் மனைவிக்குள் கருத்து வேறுபாடு வந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, தையற்காரரின் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினார். மில்லிக்கு நாத்தனார், பெரிய மருத்துவமனை ஒன்றின் சமையற்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காய் நறுக்குகிறவர். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"திங்கட்கிழமை எனக்குப் பரீட்சை," என்றார், செருப்பைக்கூடக் கழற்றாமல். "இருபது முட்டைக்கோஸ். ஒரு மணி நேரம். தலைமைச் சமையல்காரர் கடிகாரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாராம். முடிச்சா என் மேடை எனக்கு. முடிக்கலேன்னா, ஜன்னல்ல உக்காந்து தட்டு எடுத்துக் குடுக்கணுமாம்."

"உக்காந்து செய்யற வேலைதானே அக்கா, நல்லதுதானே?" என்றார் தம்பி.

"உக்காந்தே காலத்தை ஓட்டினவன் நீ, உனக்கு நல்லதுதான். எனக்கு அந்த ஜன்னல் சிறைடா."

சொன்ன குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் இடக்கை வலது மணிக்கட்டை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்ததை மில்லி பார்த்தாள்.

"பழைய கத்தியை எடுங்க அண்ணி."

பெட்டிக்குள் துண்டில் சுற்றி வைத்திருந்த கத்தி வந்தது. மில்லி அதை ஆள்காட்டி விரல்மேல் குறுக்காக நிறுத்தினாள். பிடியின் நடுப்பகுதிக்கு விரல் போனபிறகுதான் அது சாயாமல் நின்றது.

"பாரம் முழுக்கப் பின்னாடி கிடக்கு. அலகை நீங்கதான் அழுத்த வேண்டியிருக்கு. அதான் கை வலிக்குது."

கத்தியின் இரும்பு அலகோடு முடிந்துவிடுவதில்லை. பிடிக்குள்ளும் கடைசிவரை ஓடுகிறது. இருபுறமும் மரத்துண்டு ஒட்டி ஆணி இறக்கிவிடுவதால் அதன் விளிம்பு மட்டுமே கண்ணில் படும். மில்லி அந்தப் பகுதியை வால் என்பாள். பழைய கத்தியின் வால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமன்.

"புதுசா ஒண்ணு செஞ்சு, வாலை மெலிய வெச்சிடறேன். அலகுக்குப் பக்கத்துல நாலு மில்லி. போகப்போகக் குறைஞ்சு கடைசியில ஒண்ணரை. பாரம் முன்னாடி வந்திடும். நீங்க தூக்கினா போதும், அலகு தானா விழும்."

"எனக்கும் பின்பக்கம் அப்படியே ஒரு பிடி பிடிச்சு விடேன்டீ," என்றார் நாத்தனார். முன்னறையிலிருந்து தம்பி இருமினார்.

நாலு மில்லி எஃகில் ஒரே ஒரு துண்டுதான் மீதி இருந்தது. எஃகுக் கடைக்காரர் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார், செவ்வாய்க்கிழமைதான் திறப்பார். ஆகவே ஒரே துண்டு, ஒரே வாய்ப்பு.

வெள்ளிக்கிழமை கத்தியின் உருவத்தை அறுத்தெடுத்து, வாலில் ஆணிகளுக்கு மூன்று துளைகள் போட்டாள். மெலிய வைத்த பிறகு துளை போட்டால் வால் மேசையில் சரிந்து படுக்கும், துளையும் சாய்ந்துபோகும். அதனால் துளைதான் முதலில். சனிக்கிழமை காலை, வாலின் முனைத் தடிமனில் நடுவைக் கண்டு, ஒன்றரை மில்லி இடைவெளியில் ஊசியால் இரண்டு கோடுகள் கீறினாள். அந்தக் கோடுகளுக்கு வெளியே உள்ளது போக வேண்டும். உள்ளே உள்ளது இருக்க வேண்டும். பிறகு பெல்ட் ஓடும் சிறு சக்கரத்தில் வைத்து, வாலின் இரு முகங்களிலும் நடுவை மட்டும் லேசாகக் குடைந்தாள். ஓரங்கள் மட்டும் மேடாக நின்றால் தேய்க்கும் வேலை பாதியாகும், மரமும் இடுக்கில்லாமல் உட்காரும்.

அடுத்ததுதான் மெலிய வைக்கும் வேலை. தட்டையான பலகைமேல் பெல்ட் ஓட, வாலைக் காந்தத்தில் பிடித்து அதன்மேல் வைத்து, முனைப்பக்கம் மட்டும் அழுத்தம் கொடுக்க வேண்டும். அலகுப்பக்கம் தொடவே கூடாது. தொட்டால் அங்கே பள்ளம் விழுந்து, மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். ஒரு முகத்தில் பன்னிரண்டு இழுப்பு, தண்ணீரில் ஒரு முக்கு, திருப்பி மறுமுகத்தில் பன்னிரண்டு. மில்லி எண்ணத் தொடங்கினாள்.

கதவு திறந்தே இருந்தது. நாத்தனார் கதவுக்கு நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு அறைகளுக்கும் ஒரே நேரத்தில் யோசனை சொல்ல வீட்டில் வேறு இடமில்லை. முன்னறையில் தையற்காரர் ஒரு விடுதிப் பணியாளர்களின் நாற்பது கோட்டுகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு கோட்டுக்கு ஆறு. ஆறு முடிந்தால் அடுத்த கோட்டு, மறுபடியும் ஒன்று.

நாலாவது முறை திருப்பிய பிறகு மில்லி வாலின் முனையை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். சாணையை நிறுத்தினாள்.

"என்னடீ?" என்றார் நாத்தனார்.

ஒரு பக்கத்துக் கோடு இன்னும் எஃகுக்குள் பத்திரமாக இருந்தது. மறுபக்கத்துக் கோட்டைக் காணவே இல்லை. தேய்ந்து, அதையும் தாண்டி உள்ளே போயிருந்தது. வாலின் முனை ஒரு பக்கமாக ஒதுங்கி, நடுவை விட்டு விலகி நின்றது.

"பன்னெண்டு பன்னெண்டாத்தான் எண்ணினேன்," என்றாள் மில்லி. "பதினோரு வருஷம் எண்ணினவ. எனக்கா எண்ணத் தெரியாது?"

அந்த நேரம் பார்த்துத் தையற்காரர் தைத்த கோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் முகமும் சரியாக இல்லை.

"ஏம்மா, இதைக் கொஞ்சம் பாரேன்."

கோட்டில் எட்டுப் பொத்தான்கள் இருந்தன. கடைசி இரண்டுக்கும் எதிரே காஜாத் துளையே கிடையாது. தொப்புளுக்குக் கீழே வெட்டியாக உட்கார்ந்திருந்தன.

மூவரும் பொத்தான்களைப் பார்த்தார்கள், வாலைப் பார்த்தார்கள், திறந்திருந்த கதவைப் பார்த்தார்கள். அவள் ஆறு எண்ணும்போது அங்கிருந்து ஒன்று வந்திருக்கிறது. அவள் கையும் ஒன்று, இரண்டு என்று புதிதாகத் தொடங்கிவிட்டது. ஒரே முகத்தில் பன்னிரண்டுக்குப் பதில் பதினெட்டு விழுந்திருக்கிறது, அதுவும் ஒரு முறையல்ல. அவர் ஆறில் நிற்க வேண்டியவர் இங்கிருந்து போன ஏழையும் எட்டையும் கேட்டுக்கொண்டே தைத்திருக்கிறார்.

"நான் நாற்காலியை எடுத்துடறேன்," என்றார் நாத்தனார், வாழ்க்கையில் முதல்முறையாகச் சின்னக் குரலில். பிறகு, "பரவால்லே விடு மில்லி. ஜன்னல்ல காத்து நல்லா வரும்," என்றார்.

அந்தப் பேச்சுதான் மில்லியைச் சுட்டது. இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தையற்காரர் வாலை வாங்கி, துணியைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "ஒரு பக்கம் கூட வெட்டிட்டா என்ன பண்ணுவேன் தெரியுமா? மறுபக்கமும் அதே அளவு வெட்டிடுவேன். சட்டை ஒரு சுத்து சின்னதாகும். கோணலாகாது."

"முனையில ஒண்ணரை இருக்க வேண்டியது, எண்பது பாயிண்ட்டுக்கு, அதாவது புள்ளி எட்டு மில்லிக்கு வந்திடும். ஒரு மில்லிகூட இல்லே. உலையில வெச்சா வளையும்."

"வாலையும் உலையில வைக்கணுமா என்ன? வெட்டறது அலகுதானே?"

மில்லி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அலகை மட்டும் பழுக்கவைத்து எண்ணெயில் இறக்கலாம். வால் கெட்டிப்பட வேண்டிய அவசியமே இல்லை; மென்மையாக இருந்தால், சற்று வளைந்தாலும் தட்டி நிமிர்த்திவிடலாம். இரண்டு பக்கமும் மரம் ஒட்டி மூன்று ஆணி இறங்கிய பிறகு எண்பது பாயிண்ட் தாராளம்.

"சட்டை தைக்கிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"பத்தொன்பது வருஷமா கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கேன்மா. சாத்தினாலும் காது கேக்குது."

ஆனால் எண்ணிக்கைமேல் அவளுக்கு அன்று நம்பிக்கை போயிருந்தது. எண்ணாமல் எப்படித் தேய்ப்பது? கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது பூசிக்கொண்டால், எங்கே தேய்கிறது, எங்கே தேயவில்லை என்பதைப் பூச்சே காட்டிக்கொடுத்துவிடும். மை தேடினாள், பேனா காய்ந்துபோயிருந்தது. நாத்தனார் கொஞ்சம் தயங்கினார். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சிறு புட்டியை எடுத்து நீட்டினார். சிவப்பு நகப்பூச்சு.

"அக்கா!" என்றார் தம்பி. "அம்பத்தஞ்சு வயசுல..."

"சமையக்கட்டுல கையில போடக்கூடாது. கால்ல போட்டா யாரு கேக்கறது? வாயை மூடிக்கிட்டு பட்டனைப் பிரி."

கதவு சாத்தப்பட்டது. நாத்தனார் உள்பக்கம் இருந்தார், தண்ணீர்க் குவளையோடு, ஒரு வார்த்தை பேசுவதில்லை என்ற உறுதியோடு. மில்லி முனையில் புதிதாக இரண்டு கோடுகள் கீறி, மிச்சமிருந்த முகம் முழுவதும் சிவப்பைப் பூசினாள். இழுத்தாள், பார்த்தாள். முனைப்பக்கத்தில் சிவப்பு போய் இரும்பு வெளுத்தது. இன்னும் இழுத்தாள். வெண்மை மெல்ல அலகை நோக்கி ஏறியது. விரல் சுட்டபோது குவளை தானாகவே கைக்கு வந்தது. எண்ணாமல் வேலை செய்வது முதலில் வெறுங்காலில் வெளியே வந்துவிட்டது போலிருந்தது, பிறகு பிடித்துப்போனது. கடைசியில் அலகுக்கு அருகே விரற்கடை அகலச் சிவப்பு மட்டும் தொடப்படாமல் நின்றபோது சாணையை நிறுத்தினாள். ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். வாலின் முனை நட்டநடுவில் நின்றது.

"இப்ப பேசலாமா?" என்றார் நாத்தனார்.

அன்று பிற்பகல் அலகு மட்டும் உலைக்குள் போய் வந்தது. வால் வளையவில்லை. மாலைக்குள் அலகைத் தீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலை மரம் ஒட்டி ஆணி இறக்கி, மாலையில் பிடியைக் கைக்கேற்ப உருட்டினாள். கத்தியின் எடை நூற்றுத் தொண்ணூறு கிராம் என்று மில்லியும், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று நாத்தனாரும் இன்றுவரை சொல்கிறார்கள்; இரண்டையும் குறித்துவைக்க வேண்டியதாகிறது. அது விரல்மேல் எங்கே நின்றது என்பதில் ஐயமில்லை. பிடி முடிந்து அலகு தொடங்கும் இடத்தில், ஆடாமல் நின்றது.

திங்கட்கிழமை மில்லியும் கூடப் போனாள். சமையற்கூடத்தின் சரக்கு வாசலில் நிற்க அனுமதி கிடைத்தது. தலைமைச் சமையல்காரர் கண்டிப்பானவர்போல் முகத்தை வைத்துக்கொள்ளப் படாதபாடு படுகிற சாதுவான மனிதர். கடிகாரத்தை மேடைமேல் வைத்தார். நாத்தனார் முதல் கோஸைப் பிளந்தார்.

அலகு தானாக விழுந்தது. அவர் தூக்கினார், அது விழுந்தது, தூக்கினார், விழுந்தது. மழை பிடித்தாற்போல் ஒரே சீரான சத்தம். கோஸ் நூல் நூலாகப் பிரிந்து குவிந்தது. மில்லி எண்ணக்கூடாது என்றுதான் இருந்தாள், உதடுகள் கேட்கவில்லை. பதின்மூன்றாவது கோஸில் நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தார். வலக்கையை மேலே தூக்கினார். மில்லியின் உதடுகளில் எண்ணிக்கை நின்றது.

மூக்கைச் சொறிந்துகொண்டு மறுபடி கத்தியை எடுத்தார்.

இருபதாவது முடிந்தபோது ஒரு மணி நேரத்தில் ஒன்பது நிமிடம் மீதி இருந்தது. தலைமைச் சமையல்காரர் மணிக்கட்டைக் காட்டச் சொன்னார், வீக்கமில்லை. "சரிம்மா. திங்கட்கிழமையிலேர்ந்து பழைய மேடைக்கே வந்திடுங்க."

"இன்னிக்கே திங்கட்கிழமைதாங்க," என்றார் நாத்தனார்; வெங்காயக் கூடையைத் தம் பக்கம் இழுத்தார்.

மாலையில் வேலை முடிந்து வந்தவர், ஒரு டப்பா நிறைய நறுக்கிய கோஸைச் சாட்சிபோல மேசைமேல் வைத்தார். கத்தியைத் துடைத்துத் துண்டில் சுற்றினார். முன்னறையில் தம்பி நாற்பதாவது கோட்டின் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது.

"மில்லி, இவ்வளவு செஞ்சிருக்கே, உனக்கு ஒரு உண்மை சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. அந்தக் காலத்துக் கத்திரி இருக்கில்ல? அதுல அட்டைப்பெட்டி வெட்டினது நான்தான். பாத்திரம் வந்த பெட்டி. வேற எதுவும் கைக்கு அகப்படலே."

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று வந்துகொண்டிருந்த குரல் நின்றது. தையற்காரர் ஊசியும் நூலுமாக வாசற்படியில் வந்து நின்றார். மீசை துடித்தது.

"பத்தொன்பது வருஷம்க்கா!"

"அதனாலதானேடா உனக்குப் பொண்டாட்டி கிடைச்சா? கத்திரி நல்லா இருந்தா நீ எதுக்கு அந்தத் தெருவுக்குப் போகப்போறே?"

மில்லி சிரித்த சிரிப்பில் மேசைமேலிருந்த டப்பா நகர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் போய், மீசையின் இரு முனைகளையும் விரலால் நீவிச் சமன் செய்தாள். "சரிங்க, நம்பறேன். நீங்க வெட்டலே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினார். எத்தனையாவது பொத்தானில் விட்டார் என்பது நினைவுக்கு வரவில்லை. கேட்டுப் பயனில்லை, பின்னறையில் இரண்டு பெண்களும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்துபோய்க் கதவைச் சாத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தார். சாத்தவில்லை. முதல் பொத்தானில் விரலை வைத்து மறுபடியும் தொடங்கினார்.