உரமில்லாத போஞ்சி வரிசை

சூழலியல் பாடத்துக்காக எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே பிள்ளைகளோடு இரண்டு வரிசை போஞ்சிச் செடி நட்டிருக்கிறேன். ஒரு வரிசைக்கு உரம் உண்டு. மற்றதற்கு வெறும் தண்ணீர்தான்.

இன்று காலை பார்த்தால், உரமில்லாத வரிசைதான் செழித்து நிற்கிறது!

"யாரு உரம் போட்டது?" என்றேன்.

"சத்தியமா நான் இல்லீங்க சேர்" என்று செல்விதான் முந்திக்கொண்டாள்.

"அப்ப நீதான்" என்று அதட்டிவிட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பக்கத்து லயக் குடியிருப்பு ராக்கம்மா சாணித் தண்ணீர் வாளியோடு வந்தார்.

"ஒண்ணுக்கு ஊட்டிட்டு இன்னொண்ண பட்டினி போடுறீங்களே, பாவமில்லீங்களா சேர்?"

எல்லோர் முன்னிலும் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லீங்க சேர்" என்றவள், ராக்கம்மா பக்கம் திரும்பினாள். "வாளியக் குடுங்க பெரியம்மா, நான் தூக்குறேன்."

பெரியம்மாவா? அப்படியானால் பட்டினிக் கதையை வீட்டில் போய்ச் சொன்னது யார்?

கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்க வழியிருந்தால் சொல்லுங்கள்.