போனில் விழாத அருவி

குற்றாலத்தில் அருவிக்கு முன் கட்டிய வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது. குளிக்கத் தடை; கிட்டே போனால் விசில் ஊதி விரட்டுகிறார்கள். போலீஸ் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் தள்ளி நின்று எல்லோரும் வேடிக்கை பார்க்கிறோம்.

என் பக்கத்தில் நிற்கும் ஓர் அம்மா செல்போனை அருவிப் பக்கமாக நீட்டிப் பிடித்திருக்கிறார். வாசுதேவநல்லூர்க்காரர். பெங்களூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் தங்கை, அருவிச் சத்தம் கேட்க வேண்டும் என்றாளாம். ஸ்பீக்கரிலோ, "விசில் சத்தந்தான் கேக்குக்கா" என்று குரல் வருகிறது.

"அருவிய இரைச்சல்னு நெனச்சு போனே வடிகட்டிரும்மா," என்கிறேன்.

"இம்புட்டுச் சத்தத்தையுமா? வெளங்கிரும்!"

போனை வாயருகே கொண்டுபோகிறார்.

"ஏட்டி, நான் சொல்லுதேன், கேளு. மேலேருந்து சோ…ன்னு விழுது. பாறையில தடதடன்னு அடிக்கி. நான் அடியில போயி நிக்கேன். முதுகுல தொம்முதொம்முன்னு மொத்துது. பல்லு கிடுகிடுங்குது."

கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்க்கிறார்கள். அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அந்த 'சோ'வை இன்னொரு முறை, மூச்சு தீரும்வரை இழுக்கிறார்.

ஸ்பீக்கரில் தங்கையின் குரல் வருகிறது.

"போதும்க்கா, வெளிய வா. சளி புடிச்சிரும். மொதல்ல தலையத் துவட்டு."

"துவட்டுதேன், துவட்டுதேன்."

சொல்லிக்கொண்டே அந்த அம்மா முந்தானையை எடுத்து, ஒரு துளியும் நனையாத தலையைத் துவட்டத் தொடங்குகிறார்.