மனிதக் குரல் நீக்கப்பட்டது

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'களஞ்சியக்கா' என்று கேட்டால்தான் கைகாட்டுவார்கள். குளம் குட்டைகளில் தவளைகள் எழுப்பும் சத்தத்தைப் பதிவு செய்து, எந்த இனம் எங்கே குறைந்துகொண்டு வருகிறது என்று கண்டுபிடிக்கும் கூடம் அது. பதிவுகள் மலைமலையாகக் குவிந்திருந்தன. அவற்றைச் சரிபார்த்து, பெயரிட்டு, அடுக்கி, கேட்கிற ஆய்வாளர்களுக்கெல்லாம் அனுப்பி வைப்பது அவள் வேலை.

கறார் என்றால் அப்படியொரு கறார். ஒரு பதிவின் பெயரில் ஒரு புள்ளி தவறினாலும் அனுப்பியவருக்குத் திருப்பி விடுவாள். வீட்டிலும் அதே கதைதான். சமையலறை டப்பா ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கும். "நான் கொஞ்சநேரம் அசையாம நின்னா என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுவா" என்று அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பதிவுகளைக் கொண்டு வருபவனைத் தவளைக்காரன் என்பார்கள். ஆள் பரம சாது. வாரம் ஒருமுறை வந்து, "இந்தாங்கக்கா" என்று மெமரி கார்டை மேசையில் வைத்துவிட்டு, டீ குடிக்கக்கூட நிற்காமல் போய்விடுவான். அதே ஆள் இருட்டில், குளத்தங்கரையில், தனியாக மைக்கைப் பிடித்தால் போதும், வேறு ஆளாகிவிடுவான். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், காற்று, மழை என்று சொல்ல வேண்டும் என்பது விதி. அவன் அதோடு நிறுத்த மாட்டான். "அக்கா, செருப்பு சேத்துல போச்சு. ஒத்தக் கால்லதான் நிக்கிறேன்" என்பான். "அக்கா, ஒரு குட்டித் தவளை தோள்ல ஏறி உக்காந்திருக்கு. இறக்கிவிட மனசு வரல" என்பான். அந்தத் தொடக்கத்தைக் கேட்கப்போவது உலகத்திலேயே அவள் ஒருத்திதான் என்று அவனுக்குத் தெரியும்.

அவளுக்கோ அது எரிச்சல். "இது ஆராய்ச்சிக்கான தரவுப்பா. இதுல உன் கதையெல்லாம் எதுக்கு?" என்று ஒருமுறை கடிந்துகொண்டாள். "சரிக்கா" என்று தலையாட்டினான். அடுத்த வாரம் மறுபடியும் ஆரம்பித்துவிட்டான்.

தரவை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று நிதி கொடுப்பவர்கள் சொன்னபோது ஒரு நிபந்தனையும் வந்தது. வெளியே போகும் பதிவில் மனிதக் குரல் இருக்கக் கூடாது. கரையில் போகிற வருகிறவர்களின் சொந்தப் பேச்சு ஊருக்குத் தெரியக் கூடாது அல்லவா, நியாயமான நிபந்தனைதான். ஆனால் மூலப்பதிவை அழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது அவளாக எடுத்த முடிவு. கணினி வட்டுகள் நிரம்பி வழிந்தன. புது வட்டு கேட்டால் இயக்குநர் முகத்தைச் சுளிப்பார். அதைவிட, ஒரே பதிவுக்கு இரண்டு பிரதி இருப்பது அவளுக்குப் பிடிக்காது. தேதியையும் இடத்தையும் அட்டவணையில் ஏற்றினாள், குரலை வெட்டினாள், சரிபார்த்தாள், மூலத்தை அழித்தாள். 'மனிதக் குரல் நீக்கப்பட்டது' என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறித்தாள்.

அதற்கு முன்பே வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர், "இருப்பது இருக்கிறபடியே அனுப்புங்கள், நானே சுத்தம் செய்துகொள்கிறேன்" என்று கெஞ்சிக் கேட்டிருந்தார். சுத்தம் செய்யாதது இங்கிருந்து வெளியே போகாது என்று பதில் எழுதினாள். அன்றைக்கு அப்படி எழுத ஒரு மிடுக்கும் இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல். ஒரே வாரத்தில் தவளைக்காரன் போய்விட்டான்.

கொஞ்ச நாள் கழித்து அவன் மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அவர் குரல் எங்கிட்ட எதுவுமே இல்லக்கா. போன்ல எழுதித்தான் அனுப்புவார். கல்யாண வீடியோவுல முழுக்கப் பாட்டுதான். 'குளத்தங்கரையில அக்காகிட்ட பேசிட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பேன்'னு சொல்லுவார். ஒண்ணே ஒண்ணு குடுங்கக்கா. இவ பெரியவளானா கேப்பா."

"தேடிப் பாக்குறேம்மா" என்றாள் களஞ்சியக்கா. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

தேடாத இடமில்லை. அழித்த இடத்தில் புதுப் பதிவுகள் ஏறிவிட்டன, மீட்க வழியே இல்லை என்று கணினி ஆட்கள் கையை விரித்துவிட்டார்கள். தரவை வாங்கிய ஒவ்வொருவருக்கும் எழுதினாள். எங்காவது ஒன்று வெட்டுப்படாமல் தப்பியிருக்காதா, ஒரு இருமலாவது இருக்காதா என்று கேட்டாள். எல்லாரும் பொறுமையாகத் தேடிப் பார்த்துப் பதில் போட்டார்கள். ஒருவர் பாராட்டியே எழுதியிருந்தார்: இவ்வளவு சுத்தமான தரவை நாங்கள் பார்த்ததில்லை, ஒரு மனிதச் சத்தம்கூட இல்லை. அதைப் படித்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஒரு மூலையில் எடுத்து வைத்திருக்கலாமே, அதற்கு எவ்வளவு இடம் பிடித்திருக்கும் என்று மனம் அடித்துக்கொண்டது.

அவன் மனைவி மறுபடி வந்தபோது களஞ்சியக்கா உண்மையைச் சொன்னாள். தன் கையாலேயே அழித்ததையும் மறைக்கவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று, அவன் கடைசியாகக் கொண்டு வந்த பதிவைப் போட்டுக் காட்டினாள். அறை முழுக்கத் தவளைகள் கத்தின. குழந்தை கண்ணை அகல விரித்துப் பார்த்தது.

அவன் மனைவி கொஞ்சநேரம் கேட்டாள். "தவளை எனக்கு எதுக்குக்கா?" என்றாள். கோபமே இல்லை குரலில். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது களஞ்சியக்காவுக்கு.

"நீங்க கேட்டிருக்கீங்கல்ல? அவர் என்ன பேசுவார்னு சொல்லுங்க. அவர் சொல்ற மாதிரியே சொல்லுங்க."

களஞ்சியக்கா வாயைத் திறந்தாள். சொற்கள் நினைவிருந்தன. குரல்? நேரம் மிச்சமாகட்டும் என்று அந்தத் தொடக்கங்களை எல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள். நேரில் அவன் பேசியதோ இரண்டு மூன்று வார்த்தைகள். அவள் காதில் மிச்சமிருந்தது கீச்சுக்கீச்சென்று ஓடும் ஓர் அவசரக் குரல்தான். வேறெதுவும் இல்லாததால், காதில் இருந்தபடியே சொன்னாள்:

"அக்கா, எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா. தவளைங்ககிட்ட சொல்லிட்டேன், அடுத்தது உங்ககிட்டதான் சொல்றேன்."

அவன் மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள்.

"இல்லக்கா, அவர் இவ்வளவு வேகமாப் பேசவே மாட்டார்" என்றாள். "ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்தித்தான் சொல்லுவார். கேக்கிறவங்களுக்குத்தான் பொறுமை வேணும்."