அப்பா பிழையோடு எழுதிய ஒரே வரி

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அவரை ‘பெயிண்டர்’ என்றுதான் தெரியும். திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் ஒரு காலத்தில் அவர் எழுதாத பலகை குறைவு. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி உறவினர்கள் என்னிடம் கேட்டார்கள். நல்லதை மட்டும் எழுதினால் அது அப்பாவாக இருக்காது. எங்கள் வீட்டில் ஐம்பது ஆண்டுகளாக யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றையும் சேர்த்து எழுதுகிறேன். அம்மாவிடமும் மாமாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் கரையை ஒட்டிய எங்கள் தெருவில், பண்ணை வேலை செய்த குடும்பத்தில் அப்பா பிறந்தார். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. மாடு மேய்க்கும் வயதில் மதகுச் சுவரில் கரியால் பண்ணையாரின் காளையை வரைந்து வைத்தார். அதற்காக முதுகில் அடி விழுந்தது. அடித்த ஆளே போகிற போக்கில், “காளை என்னவோ அச்சாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அடியைவிட அந்தச் சொல்தான் தனக்கு ஞாபகம் இருக்கிறது என்பார் அப்பா.

எனக்கு நினைவு தெரிந்த நாளில் அவர் காலையில் வயல் வேலைக்கும், வெயில் சாய்ந்ததும் சுவர் எழுதவும் போவார். பனை நாரை நசுக்கித் தூரிகை செய்வார். சுண்ணாம்பில் நீலம் கலந்து, வேப்பம்பிசின் கரைத்து ஊற்றுவார். வேளாங்கண்ணித் திருவிழாக் கடைகளுக்குப் பலகை, டூரிங் டாக்கீஸ் விளம்பரம், தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் சின்னம். வீட்டிலும் கை சும்மா இருக்காது. தட்டில் குழம்பைத் தொட்டு எழுத்து வரைவார். “சோறு ஆறுது, அப்புறம் எழுதுங்க” என்று அம்மா தினமும் சொல்வார். மாவு அரைத்த கையோடு நான் உட்கார்ந்திருந்தால் என் புறங்கையில் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்துவிடும்.

மூன்றாம் வகுப்புப் படித்தவர்தான், ஆனால் சுவரில் ஒரு பிழை விடமாட்டார். அட்டை கிழிந்த அகராதி ஒன்று அவர் சைக்கிள் பையில் எப்போதும் இருக்கும். கட்சிக்காரர்கள் எழுதிக் கொடுக்கும் வாசகத்தில் தப்பு இருந்தால் யாரையும் கேட்காமல் திருத்தி எழுதிவிடுவார். “இதைப் பாத்துத்தான் நம்ம தெருப் புள்ளைங்க எழுத்துக் கூட்டுதுங்க” என்பது அவர் நியாயம்.

அவரிடம் குறையும் இருந்தது. கோபம் வந்தால் நாள்கணக்கில் பேசமாட்டார். எடுத்த முடிவை யாரிடமும் கேட்கமாட்டார். எங்கள் குடும்பம் பட்டதிலெல்லாம் அந்தக் குணத்துக்கும் பங்கு உண்டு.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். தாய் தகப்பன் இல்லாத அவரை அம்மாதான் வளர்த்தார். அப்போது அவருக்கு இருபது வயது. அப்பாவிடம் எழுத்தும் பழகினார், விவசாயக் கூலிகளின் சங்கத்திலும் சேர்ந்திருந்தார்.

ஆட்சி மாறியிருந்த காலம் அது. இனி நமக்கும் ஒரு காலம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கூலியைக் கூட்டித் தரக் கேட்டு ஊருக்கு ஊர் செங்கொடி ஏறியது. கேட்டவர்களை விட்டுவிட்டு வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பது மிராசுதார்களின் வழக்கமாக இருந்தது. சங்கத்தின் கூலிக் கோரிக்கையைப் பட்டப்பகலில், நடுரோட்டுச் சுவரில் அப்பா எழுதினார். ஆனால் வெட்டுவேன் குத்துவேன் என்று மட்டும் எழுதமாட்டார்.

அந்த வருடச் சம்பா அறுப்பில், ஒரு காலையில் பண்ணைக் களஞ்சியச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருந்தது: “வெளியாளை இறக்கினாள் களம் சிவக்கும்.” வெளியாட்கள் வந்தார்கள். உச்சி வேளையில் களத்தில் கைகலப்பு. பண்ணை வேலையை மேற்பார்த்த காரியக்காரருக்குத் தலையில் அடி. மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். அவரும் குழந்தை குட்டியோடு இருந்தவர்தான். அப்பா கடைசிவரை அந்தச் சாவை நியாயம் என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

கொலைக்கு முன்பே சதி நடந்திருக்கிறது, அதற்குச் சுவரில் இருக்கும் எழுத்தே சாட்சி என்று போலீஸ் வந்தது. காலை நேரம். அப்பாவை அந்தச் சுவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தெருவே திரண்டு நின்றது. அம்மாவின் இடுப்பில் ஐந்து மாதக் குழந்தையாக என் தம்பி. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இந்தப் பக்கத்துல சுவரு எழுதறவன் நீதான். இது யாரு எழுத்துடா?”

அப்பா அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். ‘ல’வையும் ‘ள’வையும் மாற்றிப்போடும் பழக்கம் மாமாவுக்கு உண்டு, அதனால் பார்த்த உடனே தெரிந்துவிட்டதாம், அது மாமாவின் கை என்று. மாமா முதல் நாளே சங்கத்து ஆட்களோடு ஊரை விட்டுப் போயிருந்தார். அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார்.

“என் எழுத்துதான் ஐயா.”

ஸ்டேஷனில் அதே வரியைத் தாளில் பத்துத் தடவை எழுதச் சொன்னார்களாம். பத்துத் தடவையும் ‘இறக்கினால்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘இறக்கினாள்’ என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார். மற்றபடி அங்கே என்ன நடந்தது என்று அவர் சொன்னதே இல்லை. அதற்குப் பிறகு வலது காது அவருக்குக் கேட்கவில்லை.

திருச்சி ஜெயிலில் வைத்தார்கள். வழக்கை எடுத்துக்கொண்ட வக்கீல் ஒரு நாள் எங்கள் வீடு தேடி வந்தார். இது நான் பக்கத்தில் இருந்து கேட்டது.

“ஊர்ல அவர் எழுதின சுவரெல்லாம் போய்ப் பாத்துட்டு வந்தேம்மா. ஒரு எழுத்துப் பிழை இல்ல. இது அவர் எழுத்தே இல்லன்னு கோர்ட்டுல சொல்லிடலாம். ஆனா அந்தப் பேச்சே எடுக்காதீங்கன்னு அவரு கையைப் புடிச்சிக்கிட்டுக் கெஞ்சுறாரு. நீங்க என்ன சொல்றீங்க?”

அம்மா கேட்டார்: “அவரு எழுத்து இல்லன்னு சொன்னா, பின்ன யாரு எழுத்துன்னு கேப்பாங்களா?”

“கேக்காம விடமாட்டாங்க.”

அம்மா குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டார். “அவரு சொல்றபடியே செய்யுங்க” என்றார். வக்கீல் செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் பண்ணை ஆட்கள் வந்து எங்கள் கூரையைப் பிரித்தார்கள். குடியிருப்பவருக்கே மனை என்று சட்டம் வந்தது பிறகுதான். அன்றைக்கு, இருந்த இடம் பண்ணையுடையது என்று சொன்னால் எதிர்ப்பேச்சு இல்லை. தெருக்கோடியில் சின்னம்மா ஒருவரின் மாட்டுக்கொட்டகையில் ஒதுங்கினோம். அம்மாவுக்கு உள்ளூரில் யாரும் வேலை தரவில்லை. இரண்டு மூன்று ஊர் தாண்டிப்போய் நடவு நட்டுவிட்டு வருவார்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அப்பா ஜெயிலிலிருந்து படமாகவே கடிதம் எழுதினார். கார்டில் ஒரு கஞ்சித் தட்டும் நிறைந்த வயிறும் இருந்தால், சாப்பாடு பரவாயில்லை என்று பொருள். ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கேஸ் தள்ளிப்போய்விட்டது. ஓரத்தில் எனக்கென்று ஒரு நண்டோ மைனாவோ இருக்கும். தம்பியை மட்டும் எப்போதும் தொட்டிலில் படுத்திருப்பதாகத்தான் வரைவார். அவன் அதற்குள் தவழ்ந்துகொண்டிருந்தான்.

ஐப்பசியில் அடைமழை. கொட்டகைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். தம்பிக்கு வயிற்றுப்போக்கு கண்டது, அப்புறம் காய்ச்சல். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியதால் பஸ் இல்லை. காலையில் அவனைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்கால் கரையோடு திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு அம்மா நடந்தார். நான் பின்னால். பாதி வழியில் அம்மா நின்றார். சாக்கை விலக்கிப் பார்த்தார். மறுபடி மூடினார். பிறகு ஊர்ப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார். “ஏம்மா திரும்புற, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்ல இருக்கு?” என்று நான் கேட்டேன். அம்மா சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிற்காலத்தில் நான் நர்ஸ் வேலைக்குப் படித்தேன்.

அப்பாவுக்குச் சேதி போய்ச் சேர ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகு வந்த கார்டுகளை அம்மா பார்க்கவில்லை. நான் எடுத்து ஓலை இடுக்கில் செருகி வைத்தேன்.

மறு வருடம் ஆடியில், சாட்சிகள் பிறழ்ந்ததால் அந்த வழக்கில் பிடித்த எல்லோரையும் விடுதலை செய்தார்கள். அப்பா வந்து கொட்டகை வாசலில் நின்றபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. அம்மா சோறு போட்டார், துணி துவைத்துப் போட்டார். பேசவில்லை. நாற்பது நாளுக்கு மேல் ஒரு சொல் இல்லை.

ஒரு மத்தியானம் அப்பா ஒரு பழைய பலகையைத் துடைத்து வைத்துக்கொண்டு கரித்துண்டால் வரைய உட்கார்ந்தார். அம்மா அந்தப் பக்கம் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். பலகையில் ஒரு குழந்தை முகம் வந்தது. அழித்தார். மறுபடி வந்தது. மறுபடி அழித்தார். நாலாவது தடவை அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

“அது அவன் இல்ல.”

அப்பா பலகையிலிருந்து கரித்துண்டை எடுக்காமல் கேட்டார். “பின்ன எப்படி இருந்தான்? சொல்லு.”

“நெத்தி அவ்ளோ அகலம் இல்ல. மேல ரெண்டு பல்லு வந்துருந்துச்சு. முடி சுருட்டை விழுந்துருந்துச்சு.” அம்மா தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார். “இடப் புருவத்துல ஒரு தழும்பு. நடக்கறப்ப அம்மிக்கல்லுல விழுந்துட்டான்.”

“நடந்தானா?”

“எட்டு அடி வச்சான்.”

அப்பா பலகையைத் தரையில் வைத்துவிட்டு, அதன் மேலேயே கவிழ்ந்துகொண்டார். அவர் சத்தம் போட்டு அழுது நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். அம்மா எழுந்து வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே, “எந்திரிங்க, கரி அழியுது” என்றார். அன்று பொழுது சாயும்வரை அம்மா சொல்லச் சொல்ல அப்பா வரைந்தார். என் தம்பிக்குப் போட்டோ கிடையாது. இந்த மலரின் மூன்றாம் பக்கத்தில் நீங்கள் பார்ப்பது அந்தப் பலகைதான்.

ஜெயிலுக்குப் போய் வந்தவருக்குச் சுவர் கொடுக்க முதலில் யாரும் துணியவில்லை. முத்துப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை பாய்தான், “பேர்ப்பலகை எழுதத்தானே கூப்பிடுறேன், பொண்ணா கேக்குறேன்?” என்று சொல்லி அழைத்தார். அதிலிருந்து அப்பா மெல்ல எழுந்தார். பிறகு மனைப்பட்டா வந்தது. கல்வீடு கட்டினோம். தெருப் பள்ளிக்கூடத்தின் நான்கு சுவரிலும் உயிரெழுத்திலிருந்து உலகப் படம் வரை அவர் கைப்பட எழுதினார்.

மாமா பதினோரு ஆண்டு கழித்துப் பம்பாயிலிருந்து வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

“மச்சான், நான் அப்பவே வந்து சொல்லிருக்கணும்.”

“ஆமா, சொல்லிருக்கணும்” என்றார் அப்பா. “சாப்பிட்டியா?”

சாப்பிட்ட பிறகு அப்பா ஒரு சிலேட்டை எடுத்துவந்து, “ ‘இறக்கினால்’னு எழுது பாப்போம்” என்றார். மாமா சரியாக எழுதினார். எழுதிவிட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா மாமாவுக்குச் சோறு போட்டார், ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்ப்பதற்கு இன்னும் சில வருடங்கள் ஆயின. இதை எழுதலாமா என்று போன மாதம் மாமாவிடம் கேட்டேன். “எழுது. நான் இருக்கும்போதே எழுது” என்றார்.

கடைசி மூன்று மாதம் அப்பாவுக்கு வலப்பக்கக் கை கால் வராமல் போய்விட்டது. பேச்சும் குழறியது. வேண்டியதை இடது கையால் போர்வையில் வரைந்து காட்டுவார். தண்ணீர், ஜன்னல், என் பேரன். அம்மாவுக்குத்தான் எல்லாம் சட்டென்று புரியும். பங்குனியில் ஒரு காலைப்பொழுதில் மூச்சு நின்றது. கொள்ளி வைத்தது நான். வைக்க வேண்டியவன் யார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

மாட்டை வெளியே கட்டி எங்களுக்குக் கொட்டகை கொடுத்த சின்னம்மா இன்று இல்லை. அவருடைய பிள்ளைகளைக் கும்பிடுகிறேன். வழக்கைத் தன் வீட்டு வழக்காக நடத்திய வக்கீலின் குடும்பத்தாருக்கும், முத்துப்பேட்டை பாய் குடும்பத்தாருக்கும், தம்பியைப் புதைக்க மழையில் மண்வெட்டியோடு வந்த எங்கள் தெருக்காரர்களுக்கும், கடைசி நாட்களில் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்த என்னுடன் வேலை பார்த்த செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். அப்பா ஜெயிலிலிருந்து வந்ததைச் சொல்லும் இடத்துக்குப் பிறகு, “அம்மா அப்பாவை மன்னித்தார்” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“மன்னிச்சேன்னு போடாத. அவரு சொன்ன பொய்யில நானும் உண்டு. நான் யாரு மன்னிக்க? கூட இருந்தேன்னு போடு.”

அந்த வரியை அடித்துவிட்டேன். அம்மா அப்பாவோடு கூட இருந்தார்.